ஈபானும் மலாயும்: மிக நெருங்கிய இரு மொழிகளுக்கிடையே அன்றாடப் பேச்சைப் பெயர்ப்பது

போர்னியோத் தீவிலுள்ள மலேசிய மாநிலமாகிய சரவாக்கில் ஈபான் மொழி பேசும் ஒருவர் 'ரூமா து' என்று சொன்னால், அவர் 'இந்த வீடு' என்கிறார். அதே இரண்டு சொற்களை மலாய்ப் பேச்சுவழக்கில் கேட்பவர் 'அந்த வீடு' என்று புரிந்துகொள்வார். வீட்டைக் குறிக்கும் சொல் இரு மொழிகளிலும் ஒன்றே. பெயருக்குப் பின்னால் சுட்டுச்சொல் வரும் வரிசையும் ஒன்றே. காதில் விழும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. பொருள் மட்டும் அருகிலிருந்து தொலைவுக்குப் போய்விடுகிறது. கேட்டவருக்குத் தாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்ற ஐயம்கூட எழாது, ஏனெனில் அவருக்குக் கிடைத்தது பிழையில்லாத ஒரு மலாய்த் தொடர்.

ஈபானுக்கும் மலாய்க்கும் இடையே மொழிபெயர்ப்பதன் உண்மையான கடினம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தமிழிலிருந்து சீன மொழிக்குப் பெயர்ப்பவர் ஒவ்வொரு சொல்லிலும் விழிப்போடு இருப்பார், ஏனெனில் எதுவும் அவருக்குத் தானாகப் புரியாது. ஈபானிலிருந்து மலாய்க்குப் பெயர்ப்பவருக்கோ பாதிச் சொற்கள் முன்பே தெரிந்தவையாகத் தோன்றுகின்றன. தெரியாத சொல்லை அவர் அகராதியில் தேடுவார், தெரிந்ததாகத் தோன்றும் சொல்லைத் தேட மாட்டார்.

இரண்டும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்தில் மலாயிக் என்னும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. ஈபான் மக்களின் பழைய தாயகம் போர்னியோத் தீவின் மேற்கே கப்புவாஸ் ஆற்றுப் படுகை. அங்கிருந்து அவர்கள் பாத்தாங் லுப்பார் ஆற்றுப் பகுதிக்கும், பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் பெருமளவில் ராஜாங் ஆற்றுப் பகுதிக்கும் பரவினர். இன்று சரவாக்கின் மக்கள்தொகையில் பத்தில் ஏறத்தாழ மூவர் ஈபானியர். மாநிலத்தின் மிகப்பெரிய இனக்குழு அவர்களே. இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானிலும் புருணையிலும் அவர்கள் வாழ்கின்றனர். 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானபோது சரவாக் அதில் ஒரு பகுதியானது. பள்ளியிலும் அரசு அலுவலகங்களிலும் மலாயின் இடம் படிப்படியாக விரிந்தது. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீட்டில் ஈபான், சந்தையில் வட்டார வழக்காகிய சரவாக் மலாய், பள்ளியில் பொது மலாய் என்று மூன்று தளங்களில் ஒரே நாளில் நடமாடுவது ஈபான் குழந்தைகள் பலருக்கு இயல்பான வாழ்க்கை.

இரு மொழிகளின் உறவைக் காட்டும் ஒலி ஒப்புமை அழகானது. மலாயில் 'ஆன்', 'ஆங்', 'ஆர்' என்று முடியும் பல சொற்கள் ஈபானில் 'ஆய்' என்று முடிகின்றன. உண்ணுதல் மலாயில் மாக்கான், ஈபானில் மாக்காய். வழி என்பது ஜாலான், ஜாலாய். வருதல் டாத்தாங், டாத்தாய். வீடு திரும்புதல் பூலாங், பூலாய். நீளம் பாஞ்சாங், பாஞ்சாய்; ஆகவே மலாயில் ரூமா பாஞ்சாங் எனப்படும் நீள்வீடு ஈபானில் ரூமா பாஞ்சாய். பெரியது பெசார், பெசாய். பாய் தீக்கார், தீக்காய். சொல்லின் முதலில் வரும் 'ஹ' ஈபானில் உதிர்ந்துவிடுகிறது: மழையைக் குறிக்கும் ஹூஜான் இங்கே ஊஜான், உள்ளத்தைக் குறிக்கும் ஹாத்தி இங்கே ஆத்தி. இந்தச் சில வாய்பாடுகளை மனத்தில் வாங்கிக்கொண்ட மலாய்க்காரர் ஒருவர் ஒரே வாரத்தில் நீள்வீட்டுப் பேச்சின் திசையைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் வாய்பாடு எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. மலாயில் 'புக்கான்' என்பது 'அல்ல' என்னும் மறுப்புச்சொல். ஒலிவிதியை அப்படியே பொருத்தினால் ஈபானில் 'புக்காய்' என்று வர வேண்டும். அப்படி ஒரு சொல் ஈபானில் இருக்கவே செய்கிறது. அதன் பொருள் 'வேறு, மற்ற' என்பது. 'அல்ல' என்பதற்கு ஈபான் சொல் 'உக்காய்'. 'இது அல்ல' என்பதும் 'இது வேறு' என்பதும் தமிழில்கூட ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும் பொருள்கள்தாம்; ஆயினும் கடையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேட்கிறாரா, கொடுத்ததை மறுக்கிறாரா என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பெரிய வேறுபாடு.

மறுப்புச்சொற்களைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடலாம், ஏனெனில் இரு மொழிகளும் இதில் ஒத்துப்போகின்றன. மலாயின் தீடாக், புக்கான், பெலும், ஜாங்ஙான், தியாடா ஆகியவற்றுக்கு ஈபானில் முறையே எண்டா, உக்காய், பெடாவ், ஆனாங், நாடாய் என்ற ஐந்தும் நேருக்கு நேர் நிற்கின்றன. செய்யவில்லை, அல்ல, இன்னும் இல்லை, செய்யாதே, கிடையாது என்ற ஐந்து வேறுபாடுகளையும் தமிழரும் எளிதில் உணர்வர்.

தொல்லை தருபவை சுட்டுச்சொற்களும் வினாச்சொற்களும். ஈபானில் 'து' அண்மைச் சுட்டு, 'ஞா' சேய்மைச் சுட்டு. மலாய்ப் பேச்சில் 'து' சேய்மைச் சுட்டு; 'ஞா' என்பது பெயரோடு ஒட்டி 'அவருடைய, அதனுடைய' என்னும் உடைமைப் பொருள் தருவது. ஆகவே ஈபானில் 'ரூமா ஞா' என்றால் 'அந்த வீடு'. மலாயில் அதே ஒலி 'அவர் வீடு' ஆகிவிடுகிறது. ஈபானில் 'டியா' என்பது 'அங்கே' என்னும் இடச்சொல். மலாயில் 'டியா' என்பது 'அவர்' என்னும் படர்க்கைப் பெயர். ஈபானில் படர்க்கைக்கு 'இயா' என்பர்.

'நி' என்னும் ஓரசைச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட இந்தச் சிக்கலின் ஆழம் தெரியும். மலாய்ப் பேச்சில் அது 'இந்த, இது'. ஈபானில் அது 'எங்கே' என்னும் வினாவின் வேர். 'டினி' என்றால் எங்கே இருக்கிறது. 'கினி' என்றால் எங்கே நோக்கி. 'ஆரி நி' என்றால் எங்கேயிருந்து. இப்போது மலாய்க்காரரின் காதுக்கு வருவோம். 'கினி' என்பது அவருக்கு 'இப்போது' என்னும் பொருளுள்ள நல்ல எழுத்து மலாய்ச் சொல். 'ஹாரி நி' என்பது 'இன்று'. சொல்முதல் 'ஹ' உதிரும் என்று பாடம் கேட்டவர், ஈபானியர் 'ஆரி நி நுவான்' என்று கேட்கும்போது 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்பதை விட்டுவிட்டு 'இன்று நீங்கள்' என்ற பாதி வாக்கியத்தைக் கேட்டவராகி மீதியை எதிர்பார்த்து நிற்பார். ஒலிவிதியைச் சரியாகப் படித்ததே இங்கே அவரைத் தவறச் செய்கிறது. காலச்சொற்களிலும் இப்படி ஒன்று உண்டு: ஈபானில் 'கெமாரி' என்றால் நேற்று, மலாயில் 'கெமாரி' என்றால் இங்கே வா என்பதன் 'இங்கே'.

'கினி கா நுவான்', அதாவது 'எங்கே போகிறீர்கள்' என்பது வழியில் எதிர்ப்படுபவரிடம் கேட்கும் முகமன். மலாயிலும் 'நாக் கெ மானா' என்று அதையே கேட்பர். இரண்டிலும் துல்லியமான பதில் எதிர்பார்க்கப்படுவதில்லை. புறப்பட்டுப் போகிறவரிடம் 'எங்கே' என்று கேட்பது சகுனத்தடை என்று தயங்கி, 'தூரமா' என்று சுற்றிக் கேட்கும் பழக்கமுள்ள தமிழருக்கு இந்த நேரடிக் கேள்வி முதலில் திடுக்கிட வைக்கும். சொல்லுக்கு ஒரு பொருளும் அது வழங்கும் இடத்துக்கு வேறொரு பொருளும் உண்டு என்றாலும், ஈபான்–மலாய் இணை இங்கே இடர் தரவில்லை. இரண்டும் ஒரே மண்ணில் ஒரே பழக்கத்தில் வளர்ந்தவை.

நலம் கேட்கும் தொடரும் அப்படியே. மலாயின் 'ஆப்பா காபார்' என்பது சொல்லுக்குச் சொல் 'என்ன செய்தி'. ஈபானின் 'நாமா பெரித்தா நுவான்' என்பதும் 'உங்கள் செய்தி என்ன' என்பதே. ஆனால் 'நாமா' மலாயில் 'பெயர்' என்று மட்டும் பொருள்படும். ஈபானில் அது 'என்ன' என்னும் வினாவும் ஆகும், 'பெயர்' என்னும் பொருளும் உண்டு. பெயர் கேட்கும்போது இரு மொழிகளும் 'யார்' என்றே கேட்கின்றன: மலாயில் 'சியாப்பா நாமா', ஈபானில் 'சாப்பா நாமா நுவான்'. 'உங்கள் பெயர் யார்' என்று தமிழில் கேட்க முடியாது. அங்கே பெயரும் ஆளும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

மூவிடப் பெயர்களில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', கேட்பவரை விலக்கிச் சொல்லும் 'நாங்கள்' என்னும் வேறுபாடு இரு மொழிகளிலும் இருக்கிறது. 'நாங்கள்' இரண்டிலும் 'காமி'. 'நாம்' மலாயில் 'கித்தா'. ஒலிவிதியை ஒட்டிய தோற்றத்தோடு ஈபானில் 'கித்தாய்'. சிக்கல் என்னவென்றால் ஈபானிலும் 'கித்தா' என்ற சொல் உண்டு, அது 'நீங்கள் பலர்' என்னும் முன்னிலைப் பன்மை. நீள்வீட்டுக்கு வந்த விருந்தினர் கூட்டத்தைப் பார்த்து 'ஊடா மாக்காய் கித்தா' என்று கேட்டால் 'நீங்களெல்லாம் சாப்பிட்டாயிற்றா' என்று பொருள். மலாய் காது அதில் 'நாம் சாப்பிட்டோமா' என்பதைக் கேட்கும். சரவாக் மலாய் அறிந்தவர்கள் இந்த இடத்தில் தப்பிவிடுவர், ஏனெனில் அவர்கள் பேச்சில் 'கித்தாக்' என்பது முன்னிலைச் சொல். கோலாலம்பூரிலிருந்து பணிமாற்றலாகி வரும் ஆசிரியரோ தாதியரோதான் இடறுவர்.

இவற்றோடு ஈபானில் இருமையும் இருக்கிறது. பேசுபவரும் கேட்பவருமாகிய இருவரை மட்டும் குறிக்க 'துவா' என்பர். மலாயில் 'துவா' என்றால் முதுமை. ஈபானில் முதுமைக்கும் மூத்தவருக்கும் 'துவாய்'. நீள்வீட்டின் தலைவர் 'துவாய் ரூமா'. மலாயிலோ 'துவாய்' என்பது அறுவடையைக் குறிக்கும் வேர். நெல்லை நம்பி வாழும் சமூகத்தில் இந்தக் கடைசிச் சொல் எந்த மலாய் உரையாடலிலும் வந்துவிடக் கூடியது.

மரியாதையின் அளவும் மாறுகிறது. ஈபானில் தன்மைக்கு 'ஆக்கு' என்ற ஒரு சொல் போதும். சிறுவனும் சொல்லலாம், பாட்டனிடமும் சொல்லலாம். மலாயில் 'ஆக்கு' நெருங்கிய நண்பரிடமும் இறைவனிடமும் சொல்வது. அதிகாரியிடம் 'சாயா' என்றே சொல்ல வேண்டும். முதிய ஈபானியர் ஒருவர் அரசு அலுவலக முகப்பில் 'ஆக்கு' என்று தொடங்கினால் அது முரட்டுத்தனமாகக் கேட்கிறது. அவர் மனத்தில் முரட்டுத்தனம் சிறிதும் இல்லை. முன்னிலையில் நிலைமை தலைகீழ்: ஈபானின் 'நுவான்' எவரையும் தயக்கமின்றி மதிப்போடு அழைக்க உதவும் ஒரே சொல். நெருக்கமானவருக்கு மட்டும் 'டிக்' உண்டு. மலாயில் முன்னிலைச் சொல்லைத் தேர்வதே ஒரு கலை. ஆவாக், காமு, ஆண்டா ஆகிய எதுவும் எல்லாருக்கும் பொருந்தாது என்பதால் பதவியையோ 'எஞ்சிக்', 'புவான்' போன்ற விளிகளையோ நாடுவர். ஆகவே 'நுவான்' வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும், எதிரில் இருப்பவரின் வயதையும் நிலையையும் மொழிபெயர்ப்பாளர் தாமே அறிந்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

உறவுச்சொற்களே என்னை மிகவும் நிறுத்திவைத்தவை. மலாயில் 'இபு' என்றால் தாய், 'ஆயாஹ்' என்றால் தந்தை. ஈபானில் தாய் 'இண்டாய்', தந்தை 'ஆப்பாய்'. 'இபு' என்பது தாய் தந்தையரின் சகோதரி, 'ஆயா' என்பது அவர்களின் சகோதரன். அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் ஈபானில் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றனர். மாமனும் சித்தப்பாவும் பெரியப்பாவும் அப்படியே. பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு குழந்தையை அழைத்துவந்தவர் யார் என்று கேட்டு, குழந்தை 'இபு' என்று விடை சொன்னால், மலாய் மட்டும் அறிந்தவர் தாய் என்று எழுதிவிடுவார். பாட்டிக்கு ஈபானில் 'இனி'. மலாய் அதை 'இது' என்று படிக்கும். 'ஆப்பாய்' என்பதில் தமிழ் 'அப்பா' கேட்பது போலத் தோன்றலாம். அது தற்செயல் ஒலி ஒற்றுமையே, உறவென்று எண்ணிவிடக் கூடாது. உண்மையான தமிழ்த் தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது: மலாயின் 'கெடாய்' நம் 'கடை'யே.

அந்தக் கடையிலேயே அடுத்த இடறல். விலை கேட்க மலாயில் 'பெராப்பா ஹார்கா இனி', ஈபானில் 'பெராப்பா ரெகா து'. மலாயில் எளிமைக்கு 'மூடாஹ்', மலிவுக்கு 'மூராஹ்' என்று இரு சொற்கள். ஈபானில் 'மூடாஹ்' ஒன்றே இரு பொருளையும் ஏற்கும். அதன் எதிர்ச்சொல்லாகிய 'மார்' கடினத்தையும் விலையேற்றத்தையும் சேர்த்துக் குறிக்கும். பேசுபவர் பொருளின் விலையைச் சொல்கிறாரா, அது கிடைப்பதன் கடினத்தைச் சொல்கிறாரா என்பதைச் சூழலே தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவமனையில் இந்த வகைப் பிழை விளையாட்டன்று. 'நெமு' என்றால் ஈபானில் அறிதல். 'ஆக்கு எண்டா நெமு' என்றால் 'எனக்குத் தெரியாது'. மலாயில் 'தெமு' என்னும் வேர் சந்தித்தலையும் கண்டடைதலையும் குறிப்பது. எந்த மருந்தை எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு 'தெரியாது' என்று சொன்னவரை 'கிடைக்கவில்லை' என்று சொன்னவராகப் புரிந்துகொண்டால், மருந்து எடுக்கவே இல்லை என்று குறிப்பில் பதிவாகிவிடும். அறிதலைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'தாஹு'; ஈபானின் 'தாவ்' அதற்கு நெருங்கிய உறவுதான், ஆனால் அது 'முடியும், செய்யலாம்' என்று பொருள்படும். ஆக, அறிதலுக்கான மலாய்ச் சொல் ஈபானில் இயலுதலுக்கும், கண்டடைதலுக்கான மலாய் வேர் ஈபானில் அறிதலுக்கும் இடம் மாறி அமர்ந்திருக்கின்றன. உணர்ச்சிச் சொல்லுக்கும் இதே கதி. 'ரிண்டு' மலாயில் பிரிவின் ஏக்கம். ஈபானில் மகிழ்ச்சியும் விருப்பமும். எதிரில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து ஈபானில் இயல்பாகச் சொல்லும் வாக்கியத்தை மலாயில் பிரிந்திருப்பவருக்கே சொல்ல முடியும். 'பாந்தாங்' மலாயில் விலக்கு, ஈபானில் பச்சை குத்துதல்.

இலக்கணத்தில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். மலாய் வினைக்கு முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்து நுணுக்கமான வேறுபாடுகளைக் காட்டும். ஈபான் முன்னொட்டோடு நின்றுவிடும். மெனூலிஸ் என்பது நூலிஸ், மெம்பெலி என்பது மெலி. 'எனக்காக வாங்கு' என்பதில் மலாய் வினையோடு ஒட்டும் 'கான்' என்பதன் வேலையை ஈபானில் 'கா' என்னும் தனிச்சொல் செய்கிறது. அந்தக் 'கா'வே விருப்பத்தையும் காட்டும், திசையையும் காட்டும். ஈபானியர் பேசும் மலாயில் ஒட்டுகள் உதிர்வதும், மலாய்க்காரர் எழுதும் ஈபானில் தேவையற்ற ஒட்டுகள் முளைப்பதும் இதனாலேயே.

வாழ்க்கை முறையோடு பின்னிய சொற்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். மலாயில் 'பீலிக்' என்றால் அறை. நீள்வீட்டில் 'பீலிக்' என்பது ஒரு குடும்பம் வாழும் முழுப் பகுதி. அதில் வாழும் குடும்பத்துக்கும் அதுவே பெயர். முப்பது கதவுள்ள நீள்வீடு என்றால் முப்பது குடும்பங்கள் என்று பொருள். 'எங்கள் பீலிக்' என்று ஒருவர் சொல்வதை 'எங்கள் அறை' என்று மலாயில் எழுதினால், மூன்று தலைமுறைகளின் நிலமும் விதைநெல்லும் பரம்பரைச் சாடிகளும் அடங்கிய குடி ஒன்று நான்கு சுவர்களாகச் சுருங்கிவிடுகிறது. 'கம்போங்' மலாயில் ஊர், ஈபானில் காடு. நிலவுரிமை பற்றிய பேச்சில் இந்த ஒரு சொல் எதிரெதிரான இரு படங்களை வரையும் என்பதை விளக்கத் தேவையில்லை. 'பெஜாலாய்' என்பதற்கு நடத்தல் என்னும் பொருள் மலாயின் 'பெர்ஜாலான்' போலவே உண்டு. ஆனால் ஈபானியர் 'அவன் பெஜாலாய் போயிருக்கிறான்' என்றால், பொருளும் பெயரும் அனுபவமும் தேடி இளைஞன் ஊரைவிட்டு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ சென்றிருக்கிறான் என்று பொருள். மலாயில் அதற்கு ஒற்றைச் சொல் தேடுவதைவிட அரைவரி விளக்கமே நேர்மையானது.

உணவு அழைப்பிலும் அப்படி ஒன்று உண்டு. நீட்டிய உணவை முற்றாக மறுத்துப் போனால் வழியில் தீங்கு நேரும் என்ற நம்பிக்கையை ஈபானியர் 'பூனி' என்பர். பசியில்லாதவர் அந்த உணவை விரலால் தொட்டாவது செல்வார். சரவாக் மலாயர்களிடமும் இதே நம்பிக்கை 'கெம்புனான்' என்ற பெயரில் வழங்குகிறது. தீபகற்ப மலாயில் அந்தச் சொல் பெரும்பாலும் நிறைவேறாத ஆசையை, குறிப்பாக உண்ண விரும்பியது கிடைக்காத குறையைச் சுட்டும். ஆகவே ஈபானிலிருந்து எந்த மலாய்க்குப் பெயர்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். சரவாக் மலாய் இந்த வேலைக்கு இயல்பான பாலம் என்றே நினைக்கிறேன். ஆனால் படிவங்களும் பாடநூல்களும் அந்த மலாயில் அச்சாவதில்லை.

ஈபான் எழுத்துமொழியாக வளர்ந்ததற்குப் பின்னணி உண்டு. 1954-இல் தொடங்கிய சரவாக் வானொலி ஈபான் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. போர்னியோ இலக்கியப் பணியகம் ஈபான் நூல்களை வெளியிட்டுவந்தது. 1977-இல் அதன் பணிகள் டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா என்னும் தேசிய மொழி நிறுவனத்துக்குச் சென்றன. கூச்சிங்கிலுள்ள துன் ஜூகா அறநிறுவனம் வாய்மொழி இலக்கியத்தைத் திரட்டி, ஈபான் சொல்லுக்கு ஈபானிலேயே விளக்கம் தரும் அகராதியையும் வெளியிட்டிருக்கிறது. ஈபானை ஈபானாலேயே விளக்கும் அந்த முயற்சியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன், ஏனெனில் மலாய் வழியாக விளக்கப்படும் ஈபான் மெல்ல மெல்ல மலாயின் நிழலாகிவிடும் அபாயம் இருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2024-இல் சேர்க்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஈபானும் ஒன்று. அதைப் பயன்படுத்துவோர் நீண்ட, அரிய சொற்களைவிட, து, ஞா, நி, கித்தா, டியா போன்ற குறுஞ்சொற்களையே முதலில் சரிபார்க்க வேண்டும். அங்கே நேரும் பிழை வாக்கியத்தைக் குலைக்காமல் பொருளை மட்டும் மாற்றிவிடும்.

ஜூன் 1 அன்று கொண்டாடப்படும் காவாய் டாயாக் அறுவடைத் திருநாளின் வாழ்த்தை எடுத்துக்கொள்வோம்: 'காயு குரு, கெராய் ஞாமாய்'. நீண்ட ஆயுளோடும் உடல்நலத்தோடும் இதமாகவும் வாழ்க என்பது கருத்து. இதில் 'குரு' மலாய்க்காரருக்கு ஆசிரியர். 'கெராய்' அவருக்குச் சாலையோரக் கடை. 'ஞாமாய்' மட்டும் ஒலிவிதிப்படி அவருடைய 'ஞாமான்' என்னும் இதமே. இதைத் தொடர்ந்து வரும் 'லாந்தாங் செனாங்' என்பதில் 'லாந்தாங்' ஈபானில் நிம்மதி, மலாயில் உரத்த குரல். 'பாஞ்சாங் ஊமூர், சிஹாட், செஜாத்திரா' என்று இதைப் பிழையற்ற மலாயில் பெயர்த்துவிடலாம். ஆனால் இணையிணையாக நடக்கும் ஈபான் வாழ்த்தின் தாளம் அதில் இராது. சரவாக்கில் மலாயரும் சீனரும் அதைப் பெயர்ப்பதில்லை. ஜூன் மாதத்தில் தம் ஈபான் நண்பர்களைச் சந்திக்கும்போது அவர்களும் 'காயு குரு, கெராய் ஞாமாய்' என்றே வாழ்த்துகின்றனர்.